சிஸ்டரிடம் கேளுங்கள்: நோயைப் பார்ப்பதா, ஆளைப் பார்ப்பதா?

வணக்கம். அரசு மருத்துவமனை வார்டுகளில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்துவிட்டு, இப்போது வீடு வீடாகப் போகிற வலி நிவாரணக் குழுவில் வேலை பார்க்கிறேன். நோயாளியை மையமாக வைத்துச் செய்யும் சிகிச்சை பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறையவே வந்துவிட்டன. ஒரே மாதிரி கேட்டவற்றைச் சேர்த்திருக்கிறேன். மருந்தைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், அதை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: கருத்தரங்குகளில் எல்லாம் இதைப் பற்றிப் பேசுகிறார்கள். நடைமுறையில் என்ன சிஸ்டர்? கனிவாகப் பேசுவதுதானே?

கனிவு நல்லதுதான், ஆனால் இது வேறு. சிரித்த முகத்தோடு ஒருவருக்கு ஒத்தே வராத சீட்டை எழுதிக் கொடுக்கவும் முடியும். ஒரு டீ மாஸ்டர், ஐம்பதைத் தாண்டியவர், சர்க்கரை நோய். சீட்டில் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை, ‘காலை, சாப்பாட்டுக்கு முன்’ என்று இருக்கிறது. அவருக்குக் காலை என்பது மூன்றரை மணி. எழுந்ததும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விடுவார், முதல் இட்லி வயிற்றுக்குள் போகப் பத்து மணி ஆகும். நடுவில் மாத்திரை வேலை செய்து, சாப்பாடு இல்லாததால் சர்க்கரை ரொம்ப இறங்கிவிடும்; கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், ஒருநாள் பாய்லர் பக்கத்திலேயே சரிந்துவிட்டார். பயந்துபோய் மாத்திரையை நிறுத்தினார். அடுத்த முறை ரத்தம் பார்த்தால் சர்க்கரை எகிறியிருக்கிறது, உடனே ‘சொன்ன பேச்சைக் கேட்காத கேஸ்’ என்று முடிவுகட்டி டோஸைக் கூட்டிவிட்டார்கள்! எத்தனை மணிக்கு எழுவீர்கள், முதலில் எப்போது சாப்பிடுவீர்கள் என்ற இரண்டு கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. கேட்ட டாக்டர் மாத்திரையைப் பத்து மணிச் சாப்பாட்டுக்குத் தள்ளி, டோஸையும் பழையபடி குறைத்தார். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். சிகிச்சை அந்த ஆளின் பிழைப்புக்குள் பொருந்த வேண்டும், அது பொருந்துமா என்பது அவரைக் கேட்டால்தான் தெரியும்.

கேள்வி: நான் ஹவுஸ் சர்ஜன். காலை ஓபியில் மட்டும் நூறு பேருக்கு மேல். இதெல்லாம் வெளிநாட்டில் நடக்கும், இங்கே எப்படி அக்கா?

உங்கள் கோபம் நியாயம், தம்பி. 2017இல் பிஎம்ஜே ஓப்பன் என்ற மருத்துவ இதழில் 67 நாடுகளில் டாக்டர் ஒரு நோயாளிக்குத் தரும் நேரத்தைத் தொகுத்திருந்தார்கள். பங்களாதேஷில் 48 நொடி, ஸ்வீடனில் 22.5 நிமிடம். நாம் எந்தப் பக்கம் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆள் போடாமல், நாற்காலி போடாமல் ‘அன்பாக இருங்கள்’ என்று சுற்றறிக்கை விடுவதை நானும் மதிப்பதில்லை.

ஆனால் எல்லாவற்றையும் நேரத்தின் மேல் போட்டுவிடவும் முடியாது. 2018இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், நோயாளி வாயைத் திறந்த 11 நொடியில் டாக்டர் குறுக்கிடுகிறார் என்று தெரிந்தது. அதில் எனக்குப் பிடித்தது அடுத்த வரி: யாரும் குறுக்கிடாத நோயாளிகளில் பாதிப் பேர் ஆறு நொடிக்குள்ளேயே சொல்லி முடித்துவிட்டார்கள். அங்கே நேரத்துக்கா பஞ்சம்? அதனால் முதல் வாக்கியத்தை மட்டுமாவது முழுசாகச் சொல்ல விடுங்கள். அப்புறம், ‘புரிஞ்சுதா?’ என்று கேட்காதீர்கள், நம் ஊரில் அதற்கு எல்லாரும் தலையாட்டுவார்கள். ‘வீட்டுக்குப் போய் இதை எப்படிப் போடுவீங்க, எனக்குச் சொல்லுங்க’ என்று கேளுங்கள். மூன்று மாத்திரையில் ஒன்றையாவது மாற்றிச் சொல்வார்கள், அங்கேயே திருத்திவிடலாம்.

கேள்வி: தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இதில் சேருமா?

பாதி சேரும். 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் பிசியோதெரபியும் வலி நிவாரணமும் கிடைக்கிறது. வேலைக்கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க வேண்டாம் என்பதே பெரிய விஷயம். மீதிப் பாதி, வாசலுக்கு வந்தவர் மாத்திரையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாமல் போன மாத மாத்திரை ஏன் அட்டையிலேயே இருக்கிறது என்று கேட்பது.

கேள்வி: அப்பாவுக்குக் கணையத்தில் கேன்சர். அவரிடம் சொல்ல வேண்டாம், தாங்கமாட்டார் என்று குடும்பமாக முடிவு செய்திருக்கிறோம். நாங்கள் செய்வது தப்பா சிஸ்டர்?

பாசத்தில் செய்கிறீர்கள், அதைத் தப்பென்று சொல்லிக் குத்த மாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், தாங்கமாட்டார் என்பது அவர் சொன்னதா, நீங்கள் நினைப்பதா?

நான் போகும் வீடுகளில் நடப்பதைச் சொல்கிறேன். வாசலிலேயே மகன் கையைப் பிடித்து ‘அப்பாவுக்கு அல்சர்னு சொல்லியிருக்கோம்’ என்பார். உள்ளே போனால் அப்பா மெதுவான குரலில் ‘எனக்குத் தெரியும்மா, பசங்ககிட்ட சொல்லிடாதீங்க, உடைஞ்சு போயிடுவாங்க’ என்பார். கேன்சர் என்று போர்டு போட்ட ஆஸ்பத்திரிக்கு மாதம் இரண்டு முறை போகிறார், வராத சொந்தமெல்லாம் ஆப்பிள் பையோடு வந்து நிற்கிறது, இதற்கு மேல் என்ன தெரிய வேண்டும்? இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒருவரிடம் ஒருவர் மறைத்துக்கொண்டு ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறார்கள்.

அப்படி ஒருவர், நெல் வியாபாரி. ராத்திரியானால் வலி என்று புரண்டுகொண்டே இருந்தார். பேச விட்ட பிறகுதான் வந்தது, நோட்டில் எழுதாத கைமாற்றுக் கடன் நாலைந்து இடத்தில் இருக்கிறது, அது அவருக்கு மட்டும்தான் தெரியும். பெரிய மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் எழுத வைத்தார். அதே அளவு மார்ஃபின் வலி மருந்தில் அதற்கப்புறம் கொஞ்சம் தூங்கினார். 1967இல் லண்டனில் கடைசிக் கட்ட நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் இதைத்தான் முழு வலி என்றார். உடம்பு வலியோடு மனசு, குடும்பம், பணம், சாமி எல்லாம் கலந்தே வலிக்கும் என்பது அவர் கணக்கு.

அதற்காக அவர் தலையில் ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. டாக்டரை அவரிடமே கேட்கச் சொல்லுங்கள்: ‘உங்க உடம்பைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க? இன்னும் தெரிஞ்சுக்கணுமா, இல்ல பையன்கிட்ட பேசிக்கட்டுமா?’ அவர் ‘பையன்கிட்டயே பேசிக்கோங்க’ என்றால் சரி, அதுவும் அவர் எடுத்த முடிவு. நீங்கள் எடுத்ததல்ல, அதுதான் வித்தியாசம்.

கேள்வி: அப்படியானால் நோயாளி ‘ஒரு டிரிப் ஏத்துங்க, ஊசி போடுங்க’ என்றால் போட வேண்டுமா?

வேண்டாம். வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பது மரியாதை ஆகாது. ஆனால் ஏன் கேட்கிறார் என்று கேளுங்கள். பெரும்பாலும் ‘நாளைக்கு வேலைக்குப் போகணும்’ என்பதுதான் பதிலாக இருக்கும், அதற்கு உப்புச் சர்க்கரைக் கரைசலும் லீவு சர்டிபிகேட்டும் டிரிப்பைவிட உதவும்.

கேள்வி: அம்மாவுக்கு 78, மறதி நோய். குளிக்க வைக்கப் போனால் ஹோம் நர்ஸை அடிக்கிறார், கத்துகிறார். மயக்க மாத்திரை கேட்கலாமா அக்கா?

மாத்திரைக்கு முன்னால் ஒன்று பாருங்கள். உங்கள் அம்மா இத்தனை வருஷம் எப்படிக் குளித்தார்? அந்தத் தலைமுறைப் பெண்கள் பலர் பாவாடையை மார்புக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு, வாளியில் வெந்நீர் விளாவி, சொம்பால் மொண்டு ஊற்றித்தான் குளித்தவர்கள். இப்போது முகம் தெரியாத ஒருத்தி வந்து துணியை மொத்தமாக அவிழ்த்து, தலைக்கு மேலே ஷவரைத் திறந்தால் அவருக்கு அது மானப் பிரச்சினை. நானாக இருந்தாலும் அடிப்பேன். பாவாடை கட்டி விடுங்கள், ஷவர் வேண்டாம், சொம்பை அவர் கையிலேயே கொடுங்கள். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்க்கும் பழக்கம் இருந்திருந்தால் சீயக்காய் வாசனையே பாதி வேலையைச் செய்துவிடும். இங்கிலாந்தின் உளவியலாளர் டாம் கிட்வுட் 1990களில் மறதி நோய் பற்றி எழுதியபோது அழுத்திச் சொன்னதும் இதுதான், நினைவு போனாலும் ஆள் அங்கேதான் இருக்கிறார், சுற்றி இருப்பவர்கள் நடத்துகிற விதமும் அவரைக் கீழே தள்ளும். திடீரென்று புதிதாகக் கத்தினால் மட்டும் சிறுநீர்த் தொற்றோ வலியோ இருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு ஆபரேஷன், ஆனால் கையெழுத்து என் கணவரிடம் வாங்கினார்கள். என்னை யாரும் கேட்கவே இல்லை.

நீங்கள் வயது வந்தவர், சுயநினைவோடு இருந்தீர்கள் என்றால் கையெழுத்து உங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும். 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. டெல்லியில் ஒரு பெண், லேப்ராஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கேமரா விட்டு, பார்த்துச் சொல்வதற்காக மட்டும் சம்மதித்திருந்தார். மயக்கத்தில் இருந்தபோது வெளியே இருந்த அவர் அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அந்தச் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். உடனே செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்ற நிலை மட்டும் விதிவிலக்கு. உங்கள் சிகிச்சைப் பதிவுகளையும் எழுதிக் கேளுங்கள், கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவ கவுன்சிலின் 2002 விதி.

கேள்வி: நானும் ஸ்டாஃப் நர்ஸ்தான். எங்களை யார் மனுஷியாகப் பார்க்கிறார்கள்?

யாரும் இல்லை, அதுதான் உண்மை. நைட் டூட்டி முடிந்து சாப்பிடாமல் நிற்பவளிடம் நோயாளி மையம் என்று வகுப்பு எடுப்பது எனக்கும் எரிச்சல்தான். ஆள் பற்றாக்குறையை நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுத்துக்கொண்டே இருங்கள், வாய்ப்பேச்சு நிற்காது. செலவில்லாத ஒன்று சொல்கிறேன். கேட் கிரேஞ்சர் என்ற ஆங்கிலேய டாக்டருக்கே கேன்சர் வந்து 2013இல் வார்டில் படுத்திருந்தபோது, வந்து போனவர்களில் பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்று கவனித்தார், அதிலிருந்து ‘ஹலோ, என் பெயர்…’ என்று ஓர் இயக்கமே தொடங்கினார். செய்து பாருங்கள். ‘12ஆம் பெட்’ என்று கூப்பிடுவதும் தானாகக் குறையும், ‘ஏம்மா நர்சம்மா’ என்ற அதட்டலும் கொஞ்சம் குறையும்.

கேள்வி: எனக்கு 71 வயதம்மா. கடைசியில் வென்டிலேட்டர் வேண்டாம் என்று இப்போதே எழுதி வைக்கலாமா?

வைக்கலாம் ஐயா. உச்ச நீதிமன்றம் 2018இல் அனுமதித்தது, 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். உங்களால் பேச முடியாதபோது யார் பேச வேண்டும் என்ற பெயரையும் அதில் எழுதுங்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அது நடைமுறைக்கு வரும், அதனால் அவசரத்தில் யாரோ பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம் வேண்டாம். மனசு மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் ரத்து செய்யலாம். பீரோவில் மட்டும் பூட்டி வைக்காதீர்கள், ஒரு நகலைப் பிள்ளைகளிடமும் இன்னொன்றை நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமும் கொடுத்துவிடுங்கள்.