சுற்றுச்சூழல் படிப்புக்கு உபகாரச் சம்பளம்: கையெழுத்துப் போடும் முன்

சகோதரி, கணவரின் வேலைக்காகச் சிங்கப்பூர் வந்து நான்கு மாதம் ஆகிறது, மதுரையில் பிளஸ் டூ படிக்கும் மகள் இங்கே சுற்றுச்சூழல் அறிவியல் படிக்க என்ன உதவி கிடைக்கும், அமெரிக்காவின் ஹாலிங்ஸ் உதவித்தொகைக்கும் மனுப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

ஹாலிங்ஸை விட்டுவிடுங்கள். அது நோவா என்ற அமெரிக்க அரசு அமைப்பு தருவது. அமெரிக்கக் குடியுரிமை இல்லாமல் நடக்காது. 

ஸ்காலர்ஷிப்பை இங்கே உபகாரச் சம்பளம் என்பார்கள். மகள் உங்களோடு குடிவந்தாலும் பல்கலைக்கழகக் கணக்கில் அவள் வெளிநாட்டு மாணவிதான். சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் கல்வி உதவி நிதி குடிமக்கள், நிரந்தரவாசிகளின் பிள்ளைகளுக்கு. ஆசியான் என்பது தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பு; ஆசியான் உபகாரச் சம்பளத்தின் பெயரைப் பார்த்துப் பலரும் ஏமாறுகிறார்கள். மலேசியாவின் ஜொகூர் தமிழ்ப் பிள்ளைக்குக் கிடைக்கும். மதுரைப் பிள்ளைக்குக் கிடைக்காது, இந்தியா ஆசியானில் இல்லை.

உங்களுக்குத் திறந்திருப்பது நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தரும் நன்யாங் உபகாரச் சம்பளம். எந்த நாட்டவரும் கேட்கலாம். கல்வி அமைச்சின் கட்டண மானியம் போக மீதிக் கட்டணத்தையும் செலவுப் பணத்தையும் தருகிறார்கள். ‘பிணைப்பு இல்லை’ என்று சொல்வது உபகாரச் சம்பளத்துக்கு மட்டும். கூடவே வாங்கும் மானியத்துக்குப் பிணைப்பு உண்டு: படிப்பு முடிந்ததும் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றில் 3 ஆண்டு வேலை. எந்தத் துறையானாலும் சரி. முறித்தால், வாங்கிய மானியத்தை ஆண்டுக்கு 10% கூட்டுவட்டியோடு கட்ட வேண்டும். இந்தத் துறைப் பிள்ளைகள் மேற்படிப்புக்கு வெளிநாடு போக நினைப்பது சகஜம். கிளம்பும் முன்பே அமைச்சிடம் பிணைப்புக்கு ஒத்திவைப்புக் கேட்டு வாங்கிவிட வேண்டும். ஜாமீன் கையெழுத்துப் போடுகிறவருக்கும் இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடைசியில் கடன் அவர் தலையில்தான் விழும்.

மனுவில் பெரும்பாலும் சறுக்குவது கட்டுரையில். ‘இயற்கையைக் காக்க ஆசை’ என்று ஆயிரம் பேர் எழுதுகிறார்கள். மகளை வண்டியூர்க் கண்மாய்க்கு 12 வாரம் போகச் சொல்லுங்கள். வாரம் ஒருநாள், அதே இடம், அதே நேரம்; நீரின் வெப்பம், காரத்தன்மை, கரைந்த ஆக்சிஜன் மூன்றையும் நோட்டில் குறிக்கட்டும். நேரம் மாறினால் கணக்கே கெட்டுவிடும். பாசி பகலில் ஆக்சிஜனை விடும், இரவெல்லாம் இழுத்துக்கொள்ளும். அதனால் விடியற்காலை அளவு ஆகக் குறைவாகவும் பிற்பகலில் ஏறியும் இருக்கும். ஒரு வாரம் காலையிலும் மறுவாரம் மாலையிலும் எடுத்துவிட்டு, கண்மாய் தேறிவிட்டது என்று எழுதினால் நேர்காணலில் ஒரே கேள்வியில் மாட்டிக்கொள்வாள். தப்பாக எடுத்த வாரத்தையும் மறைக்காமல் எழுதட்டும். அந்த நேர்மைக்கு மதிப்பு உண்டு.

பாடத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நன்யாங்கில் பூமி அமைப்பு, எரிமலை, கடல்மட்டம் என்று மண்ணும் நீருமாகப் போகும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் உயிரியலோடு புவியியலும் கொள்கையும் சேர்ந்து வரும்.

உபகாரச் சம்பளம் கிடைக்காமல் மானியம் மட்டும் கிடைத்தால், சிங்கப்பூர்க் குடிமக்கள் கட்டும் மானியக் கட்டணத்தில் 90% வரை கல்விக் கடன் உண்டு; படிக்கும் காலத்தில் வட்டி இல்லை. சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் ஆகும் செலவு அதில் வராது, அதைத் தனியே எடுத்து வையுங்கள். தவணை நடக்கும்போது மாணவர்கள் வாரம் 16 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.