துடைப்பத்தைக் கீழே போடுங்கள்

அன்புள்ள சார்,

எட்டுக்கால் பூச்சியைப் பார்த்தாலே எனக்கு உயிர் போகும். குளியலறையில் ஒன்று இருந்தால், கணவர் வந்து துடைப்பத்தால் அடிக்கும்வரை உள்ளே போகமாட்டேன். இப்போது 6 வயது மகளும் என்னைப் போலவே அலறுகிறாள். இது பரம்பரையா? முன்ஜென்மத் தொடர்பா? எப்படி விடுபடுவது?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

முன்ஜென்மத்தை விடுங்கள். பரம்பரையைப் பிறகு பார்க்கலாம். குழந்தை பக்கத்தில் நிற்கும்போது அப்படி அலறலாமா? அவள் சிலந்தியைப் பார்க்கும் முன்பே உங்கள் முகத்தைப் பார்த்துவிடுகிறாள்.

ஆனால் எனக்குக் கோபம் அந்தத் துடைப்பத்தின் மேல்தான். நீங்கள் அலற, அவர் அடிக்க, உங்களுக்கு நிம்மதி. அந்த நிம்மதியைத் தின்றுதான் பயம் கொழுக்கிறது. ‘இந்தத் தடவையும் தப்பித்தேன்’ என்று மனசு கணக்கு எழுதிக்கொள்கிறது. அங்கேயே நின்றிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பது அதற்குத் தெரியவே வழியில்லை. 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலுக்குப் பயந்த ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். அவன் பிடித்ததைச் சாப்பிடும்போது முயலைத் தூரத்தில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார். கடைசியில் பையன் அதைத் தடவிக்கொடுத்தான். இன்றைய சிகிச்சையும் ஏறக்குறைய அதே வழிதான். முயலை யாரும் அடிக்கவில்லை, கவனித்தீர்களா? உங்கள் கணவர் நல்லவர்தான். துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் சும்மா நிற்கச் சொல்லுங்கள். முதல் நாள் வாசலிலிருந்து பார்த்தால் போதும். மறுநாள் ஓரடி உள்ளே.

நானும் வீராதிவீரன் இல்லை. எங்கள் கழிவறை கொல்லைக் கோடியில் இருந்தது. சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். வயிற்றுக்கடியில் வெள்ளையாக ஒரு வில்லை. ‘விஷப்பைடா, மேலே பட்டா அக்கி வரும்’ என்பார்கள் தெருப் பையன்கள். (அக்கி, எப்போதோ வந்த சின்னம்மையின் கிருமி உடம்பிலேயே பதுங்கியிருந்து கிளம்புவது. சிலந்தி பாவம்!) ஒருநாள் ராத்திரி அழுதுகொண்டே பாட்டியை இழுத்துப்போனேன். அவள் அரிக்கேன் விளக்கை உயர்த்திப் பார்த்தாள்.

“பிள்ளைத்தாய்ச்சிடா அது. நீ தள்ளி உட்காரு.”

அது முட்டைப்பை. வலை கட்டாமல், கரப்பானை ஓடிப் பிடித்துத் தின்கிற வகை. முட்டை பொரியும்வரை தாய் பையைத் தூக்கிக்கொண்டே திரியும். இதெல்லாம் நான் பின்னால் படித்தது. அன்றைக்குப் பாட்டி சொன்னது மட்டும்தான் தெரியும். மறுநாளிலிருந்து, வாசலில் நின்று ஒருதரம் செருமிவிட்டுத்தான் உள்ளே போனேன்.