நியூயார்க்கின் ஆணையரும் நம் ஊர்க் காவல் நிலையமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

1994இல் நியூயார்க்கின் காவல் ஆணையரான வில்லியம் பிராட்டன் இரண்டே ஆண்டுகளில் அந்நகரத்தின் கொலைகளை வெகுவாகக் குறைத்தார் என்று படித்தேன். அப்படியொருவரைத் தலையீடு இல்லாமல் வேலைசெய்ய விட்டால் சென்னையும் ஏன் கடலூரும்கூட மாறிவிடாதா?

க., மஞ்சக்குப்பம், கடலூர்.

அன்புள்ள க.,

பிராட்டனின் திறமையில் எனக்கும் ஐயமில்லை. 1970இல் பாஸ்டனில் சாதாரணக் காவலராகச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தவர் அவர். ஆனால் நியூயார்க்கில் 1990இல் 2,200ஐத் தாண்டியிருந்த கொலைகள், அவர் பொறுப்பேற்பதற்கு முன்பே, 1993இல் இரண்டாயிரத்துக்குக் கீழே இறங்கிவிட்டன. கூடுதல் காவலர்களைச் சேர்க்கும் திட்டமும் முந்தைய மேயர் டேவிட் டின்கின்ஸ் காலத்தில் தொடங்கியதுதான். அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் வேறு பல பெருநகரங்களிலும் குற்றங்கள் குறைந்தன.

பிராட்டனின் உண்மையான பங்களிப்பு, ஜாக் மேப்பிள் என்ற உதவியாளருடன் சேர்ந்து 1994இல் அவர் தொடங்கிய காம்ப்ஸ்டாட் கூட்டம். சரகத் தலைவர் ஒவ்வொருவரும் தம் பகுதியின் வரைபடத்துக்கு முன்னால் நின்று, இந்தத் தெருமுனையில் மூன்றாவது முறையாக வழிப்பறி நடந்திருக்கிறதே, நீங்கள் என்ன செய்தீர்கள் என்ற கேள்விக்கு எல்லோர் முன்னிலையிலும் பதில் சொல்லியாக வேண்டும். அதுவரை ஆண்டு முடிவில் தொகுக்கப்படும் புள்ளிவிவரமாக இருந்த குற்றம், அதன்பிறகு அந்த வாரமே ஒருவர் பொறுப்பேற்க வேண்டிய காரியமாயிற்று.

ஆனால் கணக்கு கேட்கப்படும் இடத்தில் கணக்கைத் திருத்தும் ஆசையும் வந்துவிடுகிறது. புரூக்ளின் நிலையம் ஒன்றில் காவலர் ஒருவர் ரகசியமாக எடுத்த ஒலிப்பதிவுகள் 2010இல் வெளியானபோது, புகார்கள் ஏற்கப்படாமலும் சிறு குற்றங்களாகக் குறைத்து எழுதப்பட்டும் வந்தது தெரியவந்தது. நமக்கு இது புதிதல்ல. கைப்பேசியைப் பறித்துக்கொண்டு ஓடினான் என்று எழுதிக்கொண்டு போனால், 'பஸ்ல தவறிடுச்சுன்னு எழுதிக் குடுங்க, சி.எஸ்.ஆர். போட்டுத் தர்றோம்' என்று மனுவையே மாற்றி வாங்கி, வழக்குப் பதியாமல் மனு பெற்றதற்கான அந்த ரசீதை மட்டும் தரும் நிலையங்களை நம் பக்கத்தில் பலரும் கண்டிருப்பார்கள். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றத்துக்கு முதல் தகவல் அறிக்கை கட்டாயம் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும் இந்த நிலைதான்.

அதனால் பிராட்டனின் வாழ்க்கையில் நான் மிகவும் மதிப்பது லாஸ் ஏஞ்சலஸில் அவர் தலைமை வகித்த 2002 முதல் 2009 வரையிலான காலம். ரம்பார்ட் பிரிவு காவலர்களின் முறைகேடுகள் வெளிவந்ததைத் தொடர்ந்து 2001 முதலே நீதிமன்றக் கண்காணிப்பில் இருந்த துறைக்கு அவர் தலைமையேற்றார். துறையை விமர்சித்துவந்த வழக்கறிஞர் கானி ரைஸ் போன்றோரையும் உடன் வைத்துக்கொண்டு வேலைசெய்தார். வெளியிலிருந்து ஒருவர் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க முடிகிற இடத்தில்தான் எண்களுக்கும் ஓரளவு நாணயம் வரும்.

நீங்கள் கேட்ட தலையீடற்ற சுதந்திரம் பிராட்டனுக்கே கிடைக்கவில்லை. மேயர் ஜூலியானியுடன் ஏற்பட்ட பிணக்கால் 1996இல் அவர் நியூயார்க் பொறுப்பை விட்டு விலகினார். நம் நாட்டில், மாவட்டக் கண்காணிப்பாளரும் நிலையப் பொறுப்பு அதிகாரியும்கூடக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் 2006இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைக் கேட்டுப் பெறுவது நம் கையில் இருக்கிறது.

கடலூருக்கு ஆணையர் கிடையாது, கண்காணிப்பாளர்தான். அவர் மாதாந்தரக் குற்றக் கூட்டத்தில் முதல் தகவல் அறிக்கைகளோடு சி.எஸ்.ஆர். ரசீதுகளையும் மேசைமேல் வைக்கச் சொல்லி, அவற்றில் எத்தனை வழக்காகியிருக்க வேண்டும் என்று கேட்டாரானால், அதற்கு அரசாணை எதுவும் தேவைப்படாது.

அன்புடன்.