பாடியவருக்கே பிடிக்காமல் இருந்து, பிறகு நம்பர் ஒன் ஆன பாட்டு எது?

எனக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது அமெரிக்க கன்ட்ரி (நாட்டுப்புறப் பாணி) பாடகர் ஜார்ஜ் ஜோன்ஸ் பாடிய ‘ஹி ஸ்டாப்டு லவ்விங் ஹெர் டுடே’, அதாவது ‘இன்றைக்கு அவன் அவளை நேசிப்பதை நிறுத்திவிட்டான்’. 1980 ஏப்ரலில் வந்தது. ஜூலையில் பில்போர்டு பத்திரிகையின் கன்ட்ரி பாடல் பட்டியலில் முதலிடம். ஆறு வருஷத்துக்குப் பிறகு அவர் தனியாகப் பாடி முதலிடம் பிடித்த பாட்டு அதுதான்.

கதை சின்னது. சாகும்வரை உன்னை நேசிப்பேன் என்று ஒருத்தியிடம் சொன்னவன், அப்படியே செய்கிறான். கட்டிலருகே 1962 தேதியிட்ட கடிதங்கள். ‘ஐ லவ் யூ’ வரும் இடத்திலெல்லாம் சிவப்பு மையில் அடிக்கோடு. இன்றைக்கு ஏன் நேசிப்பதை நிறுத்திவிட்டான் என்பது பாதியில்தான் நமக்கு உறைக்கும்.

ஜோன்ஸுக்கு இது பிடிக்கவே இல்லை. ரொம்ப நீளம், ரொம்ப சோகம், யார் வாங்குவார்கள் என்பது அவர் கட்சி. எழுதியவர்கள் பாபி பிராடக், கர்லி புட்மன். தயாரிப்பாளர் பில்லி ஷெரில்தான் விடவில்லை. ஆளைச் சீக்கிரமே சாகடித்துவிட்டீர்கள், கொஞ்சம் தள்ளிப்போடுங்கள், அவளைச் சாவுக்கு வரவையுங்கள் என்று அவர்களைத் திரும்பத் திரும்ப எழுதவைத்தார். ஸ்டுடியோவில் வேறு தலைவலி: ஜோன்ஸ் பாட ஆரம்பித்தால் மெட்டு இன்னொரு கன்ட்ரி பாடகரான கிறிஸ் கிறிஸ்டோஃபர்சனின் ஒரு பழைய பாட்டுக்குத் தாவிவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் குடி. கச்சேரிக்கு வராமலே இருந்து ‘நோ ஷோ ஜோன்ஸ்’ என்று பேர் வாங்கிய மனிதர். எவ்வளவு குடித்திருந்தாலும் பாடிவிடுவார். பேசினால்தான் நாக்கு குழறும். சுயசரிதையில் அவரே ஒப்புக்கொண்டது இது. இந்தப் பாட்டிலோ, அவள் கடைசியாக ஒருமுறை அவனைப் பார்க்க வரும் இடத்தை நாலு வரி பாடாமல் பேச வேண்டும். அந்த நாலு வரிக்கு ஆளைத் தெளிவாகப் பிடிக்க முடியாமல், முதல் சரணம் பதிவாகிப் பதினெட்டு மாதம் கழித்துத்தான் பேச்சுப் பகுதி பதிவானது.

அப்புறம் இந்தப் பாட்டுக்கு கிராமி இசை விருது கிடைத்தது. 2013-இல் ஜோன்ஸ் இறந்தபோது, நாஷ்வில்லில் கிராண்ட் ஓல் ஓப்ரி அரங்கில் நடந்த அஞ்சலியில் கன்ட்ரி பாடகர் ஆலன் ஜாக்சன் இதே பாட்டைப் பாடி, முடிவில் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

முதல் தடவை கேட்டபோது அந்தப் பேச்சு எனக்கு வானொலி நாடகம் மாதிரிதான் பட்டது. பின்கதை தெரிந்தபிறகு காது அங்கேயே போய் நிற்கிறது. பின்னால் ஒரு பெண்குரல் வார்த்தையே இல்லாமல் மேலே ஏறுகிறது. முன்னால் ஜோன்ஸ் நிதானமாகப் பேசுகிறார், ஓர் எழுத்துகூடக் குழறாமல்.