விருந்து நாளில் நாய்க்கும் பூனைக்கும் எதைக் கொடுக்கலாம்?

கேள்வி: பண்டிகை விருந்துக்கு வீடு நிறைய உறவினர்கள் வருவார்கள். எங்கள் 8 கிலோ நாய், சாப்பிடுகிறவர்களின் காலடியிலேயே உட்கார்ந்திருக்கும். ஆளாளுக்கு ஒரு வாய் ஊட்டுவார்கள். போன முறை இரவு முழுவதும் வாந்தி. பூனையும் இருக்கிறது. “கொஞ்சம் கொடுத்தால் என்ன ஆகிவிடும்?” என்கிறார் மாமியார். எதுவுமே கொடுக்கக் கூடாதா, டாக்டர்?

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம், சகோதரி. உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறியில், எலும்பும் தோலும் நீக்கிச் சில துண்டுகளை முன்கூட்டியே ஒரு டப்பாவில் எடுத்து வைத்துவிடுங்கள். ஊட்ட ஆசைப்படுகிறவர்கள் அதிலிருந்து மட்டும் எடுக்கட்டும். மாமியார் கையிலேயே அந்த டப்பாவைக் கொடுத்துவிடுங்கள். அவர் மனமும் நோகாது.

நான் மிகவும் அஞ்சுவது குழம்பைக் கண்டுதான். “கறி கொடுக்கவில்லை டாக்டர், சாறு மட்டும்தான் ஊற்றினோம்” என்று பலர் சொல்வார்கள். அந்தச் சாற்றில்தான் வெங்காயமும் பூண்டும் கரைந்திருக்கின்றன. இரண்டும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. வேகவைத்தாலும் வறுத்தாலும் பொடித்தாலும் அந்த நஞ்சு போகாது. பூனைக்கு நாயைவிடக் குறைந்த அளவே போதும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில நாட்கள் கழித்துச் சோர்ந்து படுக்கும். அப்போது மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ஈறு இயல்பிலேயே கறுப்பாக இருந்தால் கீழ் இமையை இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பு மாறி வெளிறியோ மஞ்சளித்தோ இருந்தாலும், சிறுநீர் கருஞ்சிவப்பாக இறங்கினாலும், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் என்ற வேதிப்பொருளை நாயின் உடல் மிக மெதுவாகவே வெளியேற்றும். கறுப்புச் சாக்லேட்டில் அது அதிகம். உங்கள் நாய்க்கு அந்தச் சாக்லேட் 30 கிராமே வாந்தியும் படபடப்பும் வரப் போதும். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஒரு நாய் தாங்கிய அளவை இன்னொன்று தாங்குவதில்லை என்பதால், ‘இவ்வளவு வரை பரவாயில்லை’ என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. கேக்கிலும் இனிப்பிலும் உலர்திராட்சை ஒளிந்திருக்கும். சர்க்கரையில்லா மிட்டாய்களில் சேர்க்கும் சைலிட்டால், அரை மணி நேரத்துக்குள்ளேயே நாயின் இரத்தச் சர்க்கரையைச் சரித்துவிடக்கூடும். வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்; குப்பைக்கூடைக்கு இறுக்கமான மூடி போடுங்கள்.

போன முறை வந்த வாந்திக்குக் கொழுப்பு காரணமாக இருந்திருக்கலாம். கொழுத்த இறைச்சியும் எண்ணெய்ப் பலகாரமும் சில நாய்களுக்குக் கணைய அழற்சியைக் கொண்டுவரும். வாந்தியோடு, முன்கால்களை நீட்டித் தரையில் பதித்துப் பின்புறத்தை மட்டும் உயர்த்தி நின்றால், வயிறு கடுமையாக வலிக்கிறது என்று அர்த்தம்.

ஆகாததைத் தின்றுவிட்டால், அறிகுறி தெரியட்டும் என்று இருக்காமல் அப்போதே மருத்துவரை அழையுங்கள். வாந்தி எடுக்கவைத்துப் பயன் கிடைப்பது பெரும்பாலும் முதல் இரண்டு மணி நேரத்துக்குள்தான். அதையும் நீங்களாகச் செய்யாதீர்கள். உப்புத் தண்ணீர் புகட்டுவது உயிருக்கே உலை வைக்கும். எதை, எவ்வளவு, எத்தனை மணிக்குத் தின்றது என்று சொல்லுங்கள். கிழிந்த உறை கிடைத்தால் அதையும் கையோடு கொண்டுபோங்கள்.