தாடைக்குக் கால் எலும்பு, காலுக்குத் தொடைச் சதை: வாசகர் கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி வட்டார வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர்கள் பதில் தருகிறார்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது, விவசாயி. பல வருஷமாகப் புகையிலை போடுகிறவர். கீழ்த்தாடையில் புற்றுநோய் என்று கோரிமேடு ஜிப்மரில் சொல்லிவிட்டார்கள். தாடை எலும்பில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, கால் எலும்பை வெட்டி அங்கே வைப்பார்களாம். காலில் எலும்பு போனால் எப்படி நடப்பார்? வைக்காமலே விட்டால் என்ன?
– வாசகர், பண்ருட்டி

பதில்: நடப்பார். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் இருக்கின்றன. உடம்பின் பாரத்தைப் பெரும்பாலும் தாங்குவது முன்பக்கம் இருக்கும் கனமான எலும்பு. எடுக்கப்போவது வெளிப்பக்கத்து ஒல்லி எலும்பை. அதையும் முழுதாக எடுப்பதில்லை. மேலே ஆறு, கீழே ஆறு சென்டிமீட்டராவது விட்டுவைப்பார்கள். மேல் முனையை ஒட்டிப் பாதத்தைத் தூக்கும் நரம்பு ஓடுகிறது. கீழ் முனை கணுக்கால் ஆடாமல் பிடித்துக்கொள்கிறது. நடுவில் 20 சென்டிமீட்டருக்கு மேல் எலும்பு கிடைக்கும். தாடையின் ஒரு பக்கத்துக்கு அது தாராளம். சில மாதங்கள் கணுக்கால் விறைப்பாக இருக்கும், கால் பெருவிரலின் பலம் கொஞ்சம் குறையலாம், வரப்பில் நடக்கும்போது கவனம் வேண்டும். அவ்வளவுதான்.

வைக்காமல் விடலாமா என்பது எந்த இடத்து எலும்பு போகிறது என்பதைப் பொறுத்தது. முகவாய்க்கட்டை போகிறதென்றால் எலும்பு வைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் கீழுதடு உள்ளே சரிந்து எச்சில் வழிந்துகொண்டே இருக்கும், நாக்கு பின்னால் விழுந்து மூச்சுக்கே சிரமமாகும். பக்கவாட்டுத் தாடை மட்டும் என்றால், வயதானவருக்கோ இதயம் பலவீனமானவருக்கோ மார்புச் சதையைத் தோலோடு கழுத்து வழியாக மேலே கொண்டுவந்து மூடிவிடுவது உண்டு. அறுவை சீக்கிரம் முடியும். ஆனால் மிச்சத் தாடை ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும், பல்லோடு பல் சேராது. எலும்பு வைக்காமல் வெறும் டைட்டானியம் பிளேட் மட்டும் பொருத்தினால், பின்னால் கரன்ட் சிகிச்சை (கதிர்வீச்சு) கொடுக்கும்போது தோல் மெலிந்து பிளேட் வெளியே தெரிய வாய்ப்பு அதிகம். உங்கள் அப்பா உழைத்த உடம்புக்காரர். மயக்க மருந்து டாக்டர் சம்மதித்தால் கால் எலும்பே நல்லது என்பது எங்கள் கருத்து.

அறுவைக்கு முன் காலின் ரத்தக்குழாய்களை சிடி ஆஞ்சியோ எடுத்துப் பார்ப்பார்கள். சிலருக்குப் பாதத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கியக் குழாயே அந்த ஒல்லி எலும்பை ஒட்டி ஓடும். அவர்களுக்கு அதை எடுத்தால் பாதம் போய்விடும். இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். புகையிலை, பீடி, சிகரெட்டை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். குறைந்தது நான்கு வாரமாவது விட்டிருந்தால் நல்லது. அதற்காக அறுவைத் தேதியைத் தள்ளக் கூடாது, கட்டி காத்திருக்காது.

அறுவை எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். ஒரு குழு கட்டியை எடுக்கும்போதே இன்னொரு குழு காலில் வேலை செய்யும். எலும்பைத் துண்டுகளாக வெட்டித் தாடையின் வளைவுக்கு மடக்கி, பிளேட் போட்டு, அதோடு வந்த இரண்டு மூன்று மில்லிமீட்டர் ரத்தக்குழாய்களை மைக்ரோஸ்கோப் வைத்துக் கழுத்துக் குழாய்களோடு தைப்பார்கள். எலும்போடு வரும் காலின் தோல்தான் வாய்க்குள் உள்தோலாகிறது.

இனி நீங்கள் கவனிக்க வேண்டியது. முதல் மூன்று நாள் ஆபத்தான நாட்கள். வைத்த சதை நீலம் பாரித்து உப்பினால் வெளியேறும் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது. வெளுத்துச் சில்லிட்டால் உள்ளே வரும் குழாய். முதலாவதுதான் அடிக்கடி நடக்கிறது. நர்ஸ் மணிக்கொரு முறை டார்ச் அடித்துப் பார்ப்பது இதற்குத்தான். சில மணி நேரத்துக்குள் திரும்ப தியேட்டருக்குக் கொண்டுபோய் அடைப்பை எடுத்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். 'மறுபடியும் அறுக்கிறார்களே' என்று கையெழுத்துப் போடத் தயங்கி நேரத்தைக் கடத்திவிடாதீர்கள். கழுத்தைச் சுற்றி எதையும் இறுக்கிக் கட்டக் கூடாது. சாமிக் கயிறு, மாஸ்க் நாடா, மூச்சுக்குழாய் டியூபைப் பிடிக்கும் நாடா எல்லாம் இதில் அடங்கும். தைத்த குழாய் அந்த இடத்தில்தான் தோலுக்கு அடியில் ஓடுகிறது.

மூக்கு டியூப் வழியாக ஒரு வாரம், பத்து நாள் சாப்பாடு போகும். பிறகு மருத்துவர் சொன்னதும் கஞ்சியில் தொடங்கலாம். கரன்ட் சிகிச்சை தேவையென்றால் அறுவை முடிந்து ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். ஆடும் பல், சொத்தைப் பல் எதுவானாலும் அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பே பிடுங்கிவிடுங்கள். கரன்ட் பட்ட தாடையில் பின்னால் பல் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகக்கூடும். வாய் திறக்கும் பயிற்சியை விட்டுவிட்டால் தாடை இறுகிவிடும். ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கி முன்பற்களுக்கு நடுவே வைத்து, சில நாளுக்கு ஒரு குச்சியாகக் கூட்டி, அவருடைய மூன்று விரல் நுழையும் அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

செலவு பற்றி ஒன்று. நீங்கள் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டைக்காரர், மருத்துவமனை புதுச்சேரியில் இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் இந்த அறுவைக்கு அனுமதி கிடைக்குமா என்று அட்மிட் ஆவதற்கு முன்பே காப்பீட்டு கவுன்டரில் கேட்டுவிடுங்கள். பிளேட், ஸ்க்ரூ விலை அதில் சேருமா என்பதையும் தனியாகக் கேளுங்கள்.

கேள்வி: விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச்சில் விரல் துண்டானால் கரைக்கு வருவதற்குள் என்ன செய்யலாம்?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: முதலில் ஆளைப் பாருங்கள். சுத்தமான துணியால் காயத்தை நேராக அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்தி வையுங்கள். கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டாம். காப்பித்தூள், மஞ்சள்தூள், இன்ஜின் ஆயில் எதுவும் காயத்தில் படக் கூடாது.

துண்டான விரலைக் குடிதண்ணீரில் அலசுங்கள். கடல் தண்ணீரில் வேண்டாம், டெட்டாலும் வேண்டாம். ஈரம் பிழிந்த துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் முடிச்சுப் போடுங்கள். அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பாத்திரத்தில் வையுங்கள். படகில் மீனுக்கு வைத்திருக்கும் ஐஸ் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும். அதிலேயே விரலைப் புதைத்துவிடத் தோன்றும். ஐஸ் நேராகப் பட்டால் சதை உறைந்து செல்கள் உடைந்துபோகும், பிறகு அந்த விரலை ஒட்டவே முடியாது. தோலில் தொங்கிக்கொண்டிருந்தால் அறுத்துவிடாதீர்கள். அந்தச் சின்னத் தோல்வாரிலேயே ரத்தக்குழாய் ஓடலாம்.

இப்படிக் குளிரில் வைத்த விரல் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் தாங்கும். மணிக்கட்டுக்கு மேலே துண்டானால் சதை அதிகம். வெளிச்சூட்டில் ஆறு மணி நேரம்தான் கெடு. கரைக்கு வரும்போதே போன் செய்து, மைக்ரோ சர்ஜரி செய்யும் குழு அன்று இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அங்கே நேராகப் போங்கள். ஒவ்வொரு மருத்துவமனையாக அலைவதில்தான் நேரம் போகிறது.

எல்லா விரலையும் ஒட்டுவதில்லை. கட்டைவிரல், ஒரே கையில் பல விரல்கள், குழந்தையின் எந்த விரலானாலும் முயற்சி செய்வோம். கத்தியால் வெட்டியது போன்ற காயம் நன்றாக ஒட்டும். வின்ச்சிலோ கரும்பு ஜூஸ் மிஷினிலோ நசுங்கிப் பிய்ந்தது ஒட்டுவது கடினம், ஏனென்றால் குழாய் உள்ளுக்குள் நீளத்துக்குக் கிழிந்திருக்கும். கட்டைவிரலே போய்விட்டால், பின்னால் காலின் விரலை எடுத்து அங்கே வைக்கலாம். பிடிக்கும் பலம் நன்றாகவே திரும்பும். துண்டு நசுங்கியிருந்தாலும் தூக்கிப்போடாமல் கொண்டுவாருங்கள். அதன் தோல் உதவும்.

கேள்வி: இரண்டு வருஷம் முன் இடது மார்பகத்தை எடுத்தார்கள். கரன்ட், கீமோ முடிந்துவிட்டது. இப்போது மார்பகம் வைத்துக்கொள்ள முடியுமா? வைத்தால் நோய் திரும்ப வருமா? எனக்கு இரண்டு சிசேரியன்.
– வாசகி, லாஸ்பேட்டை

பதில்: முடியும். மார்பகத்தைத் திரும்ப உருவாக்குவதால் நோய் திரும்பி வருவதில்லை. கரன்ட் முடிந்து ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் காத்திருக்கச் சொல்வோம். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள்.

கரன்ட் பட்ட மார்பில் சிலிகான் இம்ப்ளான்ட் மட்டும் வைப்பதை நாங்கள் ஊக்குவிப்பதில்லை. அதைச் சுற்றி இறுக்கமான தழும்பு உறை உண்டாகி, மார்பகம் கல் போலாகி வலிக்கும். உங்கள் வயிற்றின் தோலும் கொழுப்பும் சிறந்தது. சிசேரியன் தழும்பு அடிவயிற்றில் குறுக்காக இருந்தால் பெரும்பாலும் தடையில்லை. வயிற்றுத் தசையோடு எடுக்கும் முறையில் குடலிறக்கம் வரும் வாய்ப்புக் கூடுதல். தசையை விட்டுவிட்டுக் குழாயை மட்டும் பிரித்தெடுக்கும் முறையில் அது குறைவு, ஆனால் நுண்தையல் தேர்ந்தவர் வேண்டும். வயிறு போதாதவர்களுக்கு முதுகுச் சதை. டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் கட்டாயம் சொல்லுங்கள்; ரத்தம் உறையும் ஆபத்து இருப்பதால் புற்றுநோய் மருத்துவரைக் கேட்டுச் சில வாரங்கள் நிறுத்த வேண்டியிருக்கலாம். தொடு உணர்ச்சி முழுதாகத் திரும்பாது என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். காம்பு, சில மாதம் கழித்துச் சிறிய அறுவையில் செய்வது.

இன்னொரு கத்தி வேண்டாம் என்றால், பிராவுக்குள் வைக்கும் எடையுள்ள சிலிகான் மார்பகம் கிடைக்கிறது. அதுவும் முழுமையான தீர்வுதான்.

கேள்வி: மகன் இ.சி.ஆர். ரோட்டில் பைக் விபத்தில் சிக்கி முன்னங்கால் உடைந்தது. வெளிக்கம்பி போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு நாளாகிறது, எலும்பு வெளியே தெரிகிறது. தினமும் கட்டு மாற்றினால் தானாக மூடிவிடாதா?
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: மூடாது. எலும்பின் மேல் இருக்கும் மெல்லிய சவ்வு போய்விட்டால் அதில் வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டினாலும் பிடிக்காது, காய்ந்து எலும்பு செத்துச் சீழ் வைக்கும். முதல் மூன்று நாளில், அதிகபட்சம் ஒரு வாரத்துக்குள் சதை வைத்து மூடியிருக்க வேண்டும். இன்னும் காலம் கடந்துவிடவில்லை. ஆனால் இந்த வாரமே எலும்பு மருத்துவரும் பிளாஸ்டிக் சர்ஜனும் சேர்ந்து பார்க்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். முழங்காலை ஒட்டிய காயத்துக்குக் கெண்டைக்காலின் மேல்தசை, நடுக்காலுக்கு அதன் அடித்தசை திருப்பிப் போட்டாலே போதும். கணுக்காலுக்கு மேலே உள்ள கடைசிப் பகுதியில் பக்கத்தில் தசை கிடையாது, பெரும்பாலும் தொடையிலிருந்து எடுத்துக் குழாய் தைக்க வேண்டியிருக்கும். உறிஞ்சும் மிஷின் கட்டு போட்டிருந்தால் அது சில நாள் தாங்கும் ஏற்பாடுதான். அதை வைத்தே வாரக்கணக்கில் ஓட்டாதீர்கள். போகும்போது எல்லா எக்ஸ்ரேயையும், அறுவைக் குறிப்பையும், என்ன ஆன்டிபயாடிக் எத்தனை நாள் போட்டார்கள் என்ற தாளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.