பக்கத்து வளவின் மலக்குழியும் உங்கள் கிணறும்

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வளவுக் கிணற்றுத் தண்ணீரை 20 வருடமாகக் குடித்து வருகிறோம். போன வருடம் பக்கத்துக் காணியில் ஒரு விருந்தினர் விடுதி கட்டினார்கள். அதன் மலக்குழி எங்கள் கிணற்றிலிருந்து 40 அடிக்குள் இருக்கிறது. இந்த மாரி தொடங்கியதிலிருந்து தண்ணீரில் ஒரு மணம். சின்ன மகளுக்கு இரண்டு தடவை வயிற்றோட்டம் வந்துவிட்டது. விடுதிக்காரரிடம் சொன்னால், "மணல் எல்லாவற்றையும் வடிகட்டிவிடும்" என்கிறார். கிணற்றை இன்னும் ஆழமாக்கலாமா? வடிகட்டி வாங்கலாமா? சட்டத்தில் எங்களுக்கு ஏதாவது இடம் உண்டா?

பதில்: கிணற்றை ஆழமாக்க வேண்டாம். வெட்டுகிற ஆளுக்கு முற்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்று நீளும் அந்த மணல் கரையில் நன்னீர் என்பது, கீழே கிடக்கும் உப்புநீரின் மேல் மிதக்கும் ஒரு படலம். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். இந்தக் கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும். மோட்டாரால் இறைத்து மேலே ஓரடி குறைத்துவிட்டால், காலப்போக்கில் உப்பு கீழிருந்து 40 அடி ஏறி வரும். 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் இதைக் கண்ணால் பார்த்தோம். உப்பேறிய கிணறுகளைச் சுத்தம் செய்வதாக நினைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். பல இடங்களில் அது உப்பைக் குறைக்கவில்லை, மேலும் இழுத்துக்கொண்டு வந்தது. நல்ல எண்ணத்தோடு செய்த வேலைதான். மலக்குழிக்குப் பயந்து நீங்கள் கடலைக் கிணற்றுக்குள் கூப்பிட வேண்டாம்.

விடுதிக்காரர் சொல்வது பாதி உண்மை. குழியின் அடிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் நடுவே காய்ந்த மணல் இருந்தால், கழிவு அதன் வழியே மெல்ல இறங்கும்போது கிருமிகளில் பெரும்பகுதி மடிந்துவிடும். அந்த இடைவெளி குறைந்தது ஐந்தடியாவது இருக்க வேண்டும் என்பது நிவாரணப் பணிகளில் உலகெங்கும் கையாளப்படும் அளவு. ஆனால் மாரியில் உங்கள் பகுதியில் நீர் எவ்வளவு மேலே வருகிறது என்று உங்களுக்கே தெரியும். நீர் குழியைத் தொட்டுவிட்டால் வடிகட்டலும் இல்லை, ஒன்றும் இல்லை. குழியும் கிணறும் ஒரே தொட்டி. வெயில் காலத்தில் வராத மணம் மாரியோடு வந்திருக்கிறது என்பதே எனக்குச் சந்தேகத்தைக் கூட்டுகிறது. நிலத்தடி நீர் பெரும்பாலும் கடலை நோக்கியே நகரும். விடுதிக்குக் கடற்பக்கமாக உங்கள் வளவு இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே 50 அடி இடைவெளி என்பது நம் நாட்டில் வழக்கில் உள்ள கணக்கு. மணல் நிலத்துக்கு அதுவே போதாது. 100 அடி கேட்பவர்கள் காரணத்தோடுதான் கேட்கிறார்கள். உங்கள் 40 அடி எந்தக் கணக்கிலும் அடங்காது.

இனிச் செய்ய வேண்டியது. இன்றிலிருந்தே குடிநீரைக் கொதிக்கவையுங்கள். நன்றாகக் குமிழியிட்டு ஒரு நிமிடம் கொதித்தால் கிருமிகளுக்குப் போதும். ஆனால் மலக்கழிவோடு நைத்திரேற்று என்ற, நீரில் கரைந்த இரசாயனமும் வரும். அது கொதித்தால் போகாது. நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். இலங்கைக் குடிநீர்த் தரநிர்ணயத்தில் அதன் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் பால்மாக் கரைக்க இந்தக் கிணற்று நீரைத் தொடவே வேண்டாம். குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனையே நைத்திரேற்று குறைத்துவிடும். கடையில் விற்கும் சாதாரண வடிகட்டிகளும் நைத்திரேற்றை எடுக்காது, விற்பவர் எவ்வளவு அழகாகப் பேசினாலும்.

அடுத்தது பரிசோதனை. பலர் இங்கேதான் தவறுகிறார்கள். மணம் வந்ததும் குளோரின் தூளைக் கொட்டிவிட்டு, பிறகு மாதிரி எடுத்துக் கொடுக்கிறார்கள். அறிக்கை சுத்தமாக வருகிறது, முறைப்பாடு அங்கேயே செத்துவிடுகிறது. முதலில் மாதிரி, பிறகு குளோரின். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குக் கடிதம் கொடுத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கொண்டே மாதிரி எடுப்பியுங்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் நீங்களாகவும் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். ஆனால் அதிகாரி எடுத்த போத்தலைப் பற்றி, "நீங்களே எதையோ கலந்தீர்கள்" என்று யாரும் சொல்ல முடியாது. நீங்கள் எடுப்பதானால் ஆய்வுகூடம் தரும் கிருமி நீக்கிய போத்தலையே பயன்படுத்தி, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றைக்கே சேர்ப்பியுங்கள். அறிக்கையில் பார்க்க வேண்டியது, மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலை என்ற கிருமி: 100 மில்லிலீற்றரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைத்திரேற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம்தான் நிற்கிறது. அதற்குக் கையில் காகிதம் வேண்டும். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம், உள்நாட்டு நீர்நிலைகளை மாசுபடுத்துவதைத் தடை செய்கிறது. விடுதிகள், அறைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து, சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் பெற வேண்டும். ஆனால் உங்கள் விடயத்தில் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது பிரதேச சபை அங்கீகரித்த கட்டட வரைபடம். அதில் மலக்குழி எங்கே காட்டப்பட்டிருக்கிறது? வரைபடத்தில் ஒரு மூலையிலும் நிலத்தில் இன்னொரு மூலையிலும் இருக்கும் குழிகள் நம் ஊரில் அதிசயமல்ல. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வரைபடத்தையும் உரிமத்தையும் கேட்டு எழுதுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தகவல் உத்தியோகத்தர் முடிவு சொல்ல வேண்டும்.

நிலத்தடி நீர் விவகாரத்தில் மேல்மட்டம் வரை சென்ற வழக்கும் நம்மிடம் உண்டு. சுன்னாகத்தில் மின் நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்தது தொடர்பாக, 2019இல் உயர் நீதிமன்றம் மின் நிறுவனத்தை 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தப் பணித்தது. உங்கள் பிரச்சினை அந்த அளவுக்குப் போகத் தேவையில்லை. பொதுத் தொல்லை என்ற அடிப்படையில், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின்படி, தொல்லையை அகற்றுமாறு நீதவான் கட்டளையிடலாம். "பொது" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு வீட்டுக் கிணறு என்றால் அயல் சண்டை என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். சுற்றியுள்ள நான்கைந்து கிணறுகளின் அறிக்கைகளோடு எல்லோரும் கையெழுத்திட்டுப் போங்கள்.

இதற்கெல்லாம் முன்பு, அறிக்கை கையில் வந்ததும் விடுதிக்காரரிடம் ஒரு தடவை பேசிப் பாருங்கள். கசியாத மூடிய தொட்டி கட்டி, பவுசர் வைத்துக் கழிவகற்றுவது அவருக்குச் செலவுதான். ஆனால் கட்ட முடியாத செலவல்ல. கழிவுநீரை மண்ணுக்குள் விடும் ஊறுகுழியைக் காணியின் மறுபக்கத்துக்கு மாற்றினால் உங்களுக்கு உதவும், அந்தப் பக்கத்துக் கிணற்றுக்காரரையும் கேட்ட பிறகு.

மாதிரி எடுப்பதை மட்டும் தை பிறக்கட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். நீர்மட்டம் இறங்கிய பிறகு இதே கிணறு நல்ல அறிக்கை கொடுக்கும்; அடுத்த மாரியில் மணம் திரும்பி வரும்போது அந்த அறிக்கையைத்தான் விடுதிக்காரர் எடுத்துக் காட்டுவார்.